பெட்டிக்குள்ளே இவ்வளவு அதிசயமா? தெரியுமா உங்களுக்கு!

அடிக்கடி விமானம் ஏறுகிற ஒருவரின் பையை அப்படியே கட்டிலில் கவிழ்த்துப் பாருங்கள். பவர் பேங்க், ஹெட்போன், சிக்கலாய்ச் சுருண்ட வயர்கள், ஒரு பிளக், பாஸ்போர்ட், டூத் பிரஷ், மூலையில் ஒரு தைலப் பாட்டில். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? ஒவ்வொன்றாகக் கையில் எடுப்போம், வாருங்கள்!

99.9 என்ற மாய எண்!

கடைகளில் விற்கும் பெரிய பவர் பேங்குகளில் 26,800, 27,000 என்று விநோதமான எண்கள் இருக்கின்றன, கவனித்திருக்கிறீர்களா? சுளையாக 30,000 என்று ஏன் போடவில்லை? காரணம், விமானம்! ஒரு பயணி யாரிடமும் அனுமதி கேட்காமல் கையோடு கொண்டுபோகக்கூடிய பேட்டரியின் உச்ச அளவு 100 வாட்-ஹவர். 27,000 மில்லி ஆம்பியர்-ஹவரை 3.7 வோல்ட்டால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். வருவது 99.9! எல்லைக்கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்! அதே கணக்கில் 30,000 என்றால் 111. விமான நிறுவனத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணியின் பையில் அதற்கு இடமே கிடையாது.

சரி, அதைப் பெரிய பெட்டிக்குள் போட்டு செக்-இன் செய்துவிடலாமா? கூடவே கூடாது! சரக்கு அறையில் தீப்பிடித்தால் யார் பார்ப்பது? கேபினில் என்றால் புகை வந்த மறுநிமிடம் ஆள் ஓடிவரும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் புறப்படக் காத்திருந்த ஒரு விமானத்தில், தலைக்கு மேலிருந்த பெட்டி அடுக்கில் தீ கிளம்பியது. விமானத்தின் கூரையே எரிந்துபோனது! உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். விசாரணையில் சந்தேகம் விழுந்தது எதன் மீது? ஒரு பவர் பேங்க்! அதன் பிறகு அந்த நாட்டில் பவர் பேங்கை மேலடுக்கில் வைக்கவே தடை. கையிலோ முன்சீட்டுப் பையிலோ கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

அதற்குள் இருக்கும் லித்தியம்-அயன் பேட்டரிக்கு நோபல் பரிசு கிடைத்தது எப்போது தெரியுமா? சோனி அதை 1991-ல் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. பரிசு வந்தது 2019-ல்! வாங்கிய மூவரில் ஒருவரான ஜான் குடினஃபுக்கு அப்போது வயது 97. நோபல் வரலாற்றிலேயே மூத்தவர் அவர்தான்!

வானத்தில் போட்ட கணக்கு!

இரைச்சலை விழுங்கும் ஹெட்போன் எங்கே பிறந்தது தெரியுமா? விமானத்திலேயே! 1978-ல் அமர் போஸ் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்தார். விமானத்தில் கொடுத்த ஹெட்போனை ஆசையாக மாட்டினால், எஞ்சின் சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை! வேறொருவராக இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கியிருப்பார். இவர் எம்.ஐ.டி. பேராசிரியர் ஆயிற்றே! காகிதத்தை எடுத்தார், கணக்குப் போட்டார், தரை இறங்குவதற்குள் அடிப்படைச் சமன்பாடுகள் தயார்!

எப்படி வேலை செய்கிறது? ஹெட்போனில் இருக்கும் குட்டி மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கிறது. அந்த அலை மேலே போகும்போது கீழே போகிற மாதிரி ஓர் எதிர் அலையைக் கருவி உருவாக்குகிறது. இரண்டும் மோதினால் மிஞ்சுவது அமைதி! சத்தத்தோடு சத்தத்தைக் கூட்டினால் நிசப்தம்! நம்ப முடிகிறதா? இந்த யோசனைக்கு ஜெர்மானியரான பால் லுயெக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்பது இன்னொரு ஆச்சரியம். அதைக் கருவியாகச் செய்யும் எலெக்ட்ரானிக்ஸ்தான் அன்று இல்லை!

1986-ல் வாயேஜர் என்ற விமானம் எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருளும் நிரப்பாமல் உலகைச் சுற்றியது. ஒன்பது நாள்! அதில் இருந்த இரண்டு விமானிகளின் காதைக் காத்தது போஸின் சோதனை ஹெட்போன்தான். சாதாரணப் பயணி கைக்கு அது வந்து சேர 2000-ம் ஆண்டு ஆகிவிட்டது. கணக்குப் போட்ட நாளிலிருந்து 22 வருஷம்! அமர் போஸின் அப்பா யார் தெரியுமா? பிரிட்டிஷ் போலீசிடமிருந்து தப்பி அமெரிக்காவுக்குப் போன வங்காள விடுதலைப் போராட்ட வீரர்!

அதற்கு முந்தைய கதை இன்னும் வேடிக்கை. 1960-களில் விமானங்களில் கொடுத்த ஹெட்போனில் வயரே கிடையாது! ஸ்பீக்கர் இருக்கையின் கைப்பிடிக்குள் இருக்கும். சத்தம் வெறும் பிளாஸ்டிக் குழாய் வழியாகக் காதுக்கு ஏறும். டாக்டர் கழுத்தில் போட்டிருக்கும் ஸ்டெதஸ்கோப்பேதான்!

ஒரே நாடு, இரண்டு கரன்ட்!

உலகத்தில் எத்தனை விதமான பிளக்குகள்? ஏ முதல் ஓ வரை எழுத்துப் போட்டுப் பிரித்தால் 15! நம் வீட்டில் இருக்கும் மூன்று உருண்டைக் கம்பி பிளக், பிரிட்டிஷார் விட்டுவிட்டுப் போனது. பிரிட்டனோ அதைக் கழற்றிப் போட்டுவிட்டு 1947-லேயே சதுரக் கம்பிக்கு மாறிவிட்டது. அந்த பிளக்குக்குள் தனியாக ஒரு ஃபியூஸ் வேறு!

பிரேசில் போகிறீர்களா? ஓர் ஊரில் 127 வோல்ட், இன்னோர் ஊரில் 220! பிளக் ஓட்டை பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்! ஹேர் டிரையரைச் செருகும் முன் ஓட்டல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

ஜப்பான் கதைக்கு வாருங்கள். 1895-ல் டோக்கியோ ஜெர்மனியில் ஜெனரேட்டர் வாங்கியது: 50 ஹெர்ட்ஸ். அடுத்த வருஷமே ஒசாகா அமெரிக்காவில் வாங்கியது: 60 ஹெர்ட்ஸ். அன்று பிரிந்தது இன்றுவரை சேரவே இல்லை! 130 வருஷமாகக் கிழக்கு ஜப்பானில் ஒரு கரன்ட், மேற்கு ஜப்பானில் இன்னொரு கரன்ட்! நல்லவேளை, உங்கள் போன் சார்ஜர் இதற்கெல்லாம் அசராது. அதன் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள்: 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். எந்த நாட்டுக் கரன்ட்டையும் அது ஜீரணித்துவிடும்!

பழைய யு.எஸ்.பி. வயரைச் செருகும்போது முதல் தடவை நுழையாது, திருப்பினால் நுழையாது, மறுபடி திருப்பினால் நுழையும்! உலகமே பட்ட இந்த அவஸ்தைக்கு மூலம் யார்? வடோதராவில் படித்த நம்மவர் அஜய் பட்! இன்டெல்லில் அவர் குழு உருவாக்கிய யு.எஸ்.பி. 1996-ல் வெளிவந்தது. இரண்டு பக்கமும் நுழையும்படி செய்தால் வயரும் செலவும் இரட்டிப்பாகும் என்பதால்தான் ஒரு பக்கம் போதும் என்று விட்டார்களாம்! திட்டுவதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்பு கீபோர்டுக்கு ஒரு வயர், மவுஸுக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று! இப்போது 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்கும் போன்கள் எல்லாவற்றுக்கும் யு.எஸ்.பி.-சி கட்டாயம். ஆப்பிள்கூட அடங்கிப்போனது!

சக்கரத்துக்கு வந்த சோதனை!

சக்கரம் கண்டுபிடித்து ஐயாயிரம் வருஷத்துக்கு மேல். சூட்கேஸ் வந்து நூறு வருஷத்துக்கு மேல். இரண்டையும் சேர்த்துப் பெரிய கடையில் ஏற்றிய பெட்டிக்குக் காப்புரிமை கிடைத்தது எப்போது? 1972-ல்! அதற்குள் மனிதன் நிலாவுக்கே பலமுறை போய் வந்துவிட்டான்!

பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் 1970-ல் அரூபா தீவிலிருந்து குடும்பத்தோடு திரும்புகிறார். இரண்டு கையிலும் கனமான பெட்டி. சுங்கச் சோதனையில் நிற்கும்போது ஓர் ஊழியர் பெரிய இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் வைத்து அலட்சியமாகத் தள்ளிக்கொண்டு போகிறார். பொறி தட்டியது! பெட்டிக்கு அடியில் நாலு சக்கரம், இழுக்க ஒரு வார். கடைக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘வேண்டாம்!’ ஆம்பளை பெட்டியை இழுத்துக்கொண்டா போவான் என்று சிரித்தார்களாம்! நியூயார்க் முழுக்க அலைந்து, கடைசியில் மேசிஸ் கடை வாங்கியது.

அதுவும் வளைவில் திரும்பினால் குப்புற விழும் பெட்டி. நாம் இன்று இழுக்கும் டிராலி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியுமாக, 1987-ல்தான் பிறந்தது. செய்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி! முதலில் விமான ஊழியர்களுக்கு மட்டும் விற்றார். அவர்கள் ஏர்போர்ட்டில் ஒய்யாரமாக இழுத்துப் போவதைப் பார்த்த பயணிகள், எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். இதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

நிலா என்றதும் ஞாபகம் வருகிறது. நீல் ஆர்ம்ஸ்ட்ராங் தன் சொந்தச் சாமான் பையில் எதை எடுத்துப் போனார் தெரியுமா? ரைட் சகோதரர்கள் 1903-ல் பறக்கவிட்ட விமானத்தின் ஒரு மரத்துண்டும் துணித்துண்டும்! திரும்பி வந்ததும் அவரும் கூடப் போன இருவரும் சுங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கொண்டுவந்த சரக்கு: நிலாப் பாறை, நிலாத் தூசு! நோய் பரப்பும் ஏதாவது உண்டா என்ற கேள்விக்குப் பதில்: இனிமேல்தான் தெரியும்! அந்த இருவரில் ஒருவரான பஸ் ஆல்ட்ரின் போட்ட பயணப்படி பில் எவ்வளவு? 33 டாலர் 31 சென்ட்! நிலாவுக்குப் போய்வந்த செலவு! நம் ஆபீஸ் பில்லைப் பாஸ் செய்ய மறுக்கும் மேனேஜர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

பூட்டு இருக்கு, திருடன் கையில் பேனா இருக்கு!

பெட்டிப் பூட்டில் சிவப்பு வைரம் போன்ற ஒரு சின்னம் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கச் சோதனை அதிகாரிகள் உடைக்காமல் திறப்பதற்காக அவர்களிடம் ஏழு மாஸ்டர் சாவிகள் உண்டு. 2014-ல் ஒரு நாளிதழ் அந்தச் சாவிக் கொத்தைப் பளிச்சென்று படம் பிடித்துப் போட்டுவிட்டது! அடுத்த வருஷம் அந்தப் படத்தை வைத்தே யாரோ வடிவம் வரைந்து, 3டி பிரின்டரில் சாவி அடித்துவிட்டார்கள். அதுவும் திறந்தது!

அட, சாவியே வேண்டாம். துணிப்பெட்டியின் ஜிப்பை ஒரு பால்பாயின்ட் பேனா முனையால் குத்தினால் பல் பிரிந்து வழிவிடும். பூட்டு பாட்டுக்குப் பூட்டியபடியே தொங்கும்! ஜிப்பைக் கையில் பிடித்தது பிடித்தீர்கள், இழுப்பானில் என்ன எழுத்து இருக்கிறது பாருங்கள். ஒய்.கே.கே. தானே? தடாவோ யோஷிடா 1934-ல் டோக்கியோவில் தொடங்கிய கம்பெனி. ஜிப்புக்கு வேண்டிய பித்தளை, நூல், இயந்திரம் எல்லாம் அவர்களே செய்துகொள்கிறார்கள்!

பேனாவும் விமானமும் பழைய தோஸ்துகள். உயரே போனால் ஊற்றுப் பேனா கசியும். அதனால் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக வாங்கப்பட்டவை 30,000 பால்பாயின்ட் பேனாக்கள்! கண்டுபிடித்த லாஸ்லோ பிரோவின் பிறந்தநாளான செப்டம்பர் 29 அர்ஜென்டினாவில் கண்டுபிடிப்பாளர் தினம்.

போனுக்குள் ஐன்ஸ்டைன்!

ஏரோபிளேன் மோடில் போட்ட பிறகும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், தெரியுமா? ஏனென்றால் உங்கள் போன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. காதைத் தீட்டிக் கேட்பது மட்டும்தான்! 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் நேரக் குறிப்பைக் கேட்கிறது. அங்கே ஓடும் அணுக் கடிகாரம், ஐன்ஸ்டைன் சொன்னபடியே, தரையில் இருப்பதைவிட நாளுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடுகிறது. இதைத் திருத்தாமல் விட்டால்? ஒரே நாளில் மேப் பத்து கிலோமீட்டருக்கு மேல் தடம் மாறிவிடும்! தாம்பரத்தில் இறங்க வேண்டியவர் எங்கே போய் இறங்குவார், யோசித்துப் பாருங்கள்!

சிம் கார்டு 1991-ல் பிறந்தபோது எவ்வளவு பெரிது தெரியுமா? ஏ.டி.எம். கார்டு அளவு! முதலில் செய்தது வெறும் 300 கார்டு, போனது பின்லாந்துக்கு. இன்றைய நானோ சிம்மின் நீளம் 12.3 மில்லிமீட்டர். இ-சிம்மில் செருக எதுவுமே இல்லை!

சாவிக் கொத்திலும் பெட்டியிலும் போடுகிற டிராக்கருக்குள் ஒரு வட்ட பேட்டரி இருக்குமே, சி.ஆர்.2032? அந்த எண்ணைப் பிரித்தால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன்! இத்தனை நாள் கண்ணெதிரே எழுதியிருந்தது! ஆப்பிளின் ஏர்டேகுக்குள் ஜி.பி.எஸ். கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாது. வழியில் போகிற வருகிற யாரோ ஒருவரின் ஐபோன்தான் உங்கள் பெட்டி இருக்கும் இடத்தைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொடுக்கிறது.

கிண்டில் நிறையப் புத்தகம் ஏற்றினால் எடை கூடுமா? கூடும்! கலிஃபோர்னியாவில் ஒரு கணினிப் பேராசிரியர் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். முழுக்க நிரப்பினால் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருக்கிறதே, அதிலும் நூறு கோடியில் ஒரு பங்கு! செக்-இன் கவுன்டரில் கவலை வேண்டாம்!

செல்ஃபி ஸ்டிக்? 1983-லேயே! மினோல்டா கம்பெனி பொறியாளர் ஹிரோஷி உயெடா, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு பையனிடம் கேமராவைக் கொடுத்து, எங்களை ஒரு படம் எடு தம்பி என்றார். தம்பி கேமராவோடு ஓடியே போய்விட்டான்! அந்தக் கடுப்பில் பிறந்தது நீளும் கோல். யாரும் சீந்தவில்லை. 1995-ல் உதவாக்கரைக் கண்டுபிடிப்புகள் பற்றிய ஒரு புத்தகத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுத்துக் கேலி செய்தார்கள். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்!

புரட்டினால் நடக்கும் மான்!

பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அளவு ஒன்றுதான்: 125-க்கு 88 மில்லிமீட்டர். 2012-ல் பின்லாந்து கொடுத்த பாஸ்போர்ட்டின் பக்கங்களைச் சர்ரென்று புரட்டினால் ஓரத்தில் இருக்கும் கொம்பு மான் நடக்கும்! நார்வே பாஸ்போர்ட்டைப் புற ஊதா விளக்கில் காட்டினால் மலைகளுக்கு மேல் வடதுருவ ஒளி மின்னும்! சிப் வைத்த பாஸ்போர்ட்டை உலகத்தில் முதலில் கொடுத்தது அமெரிக்காவும் இல்லை, ஜப்பானும் இல்லை. மலேசியா, 1998-ல்! பாஸ்போர்ட்டே இல்லாமல் உலகம் சுற்றுகிறவர் ஒருவர் உண்டு. பிரிட்டிஷ் மன்னர்! எல்லாருக்கும் அவர் பெயரில்தான் பாஸ்போர்ட் கொடுக்கிறார்கள்; அவருக்கு யார் கொடுப்பது?

போர்டிங் பாஸைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிற ஆளா நீங்கள்? ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட்டும் 2020-ல் அப்படித்தான் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணை வைத்து ஓர் இளைஞர் நுழைந்து பார்த்தால், பாஸ்போர்ட் எண், போன் நம்பர் எல்லாம் அங்கே! நல்ல மனுஷர், திருடாமல் அரசாங்கத்துக்குத் தகவல் சொன்னார்!

தேங்காய்க்கும் தெர்மாமீட்டருக்கும் தடா!

பாதரச தெர்மாமீட்டரைக் கண்டால் ஏர்போர்ட்டில் ஏன் பதறுகிறார்கள்? உடைந்து பாதரசம் சிந்தினால் அது அலுமினியத்தைத் தின்றுவிடும்! விமானம் பெரும்பாலும் எதனால் ஆனது? அலுமினியம்!

100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற சட்டம் வந்தது 2006-ல். குளிர்பானப் பாட்டிலில் வெடிகுண்டுத் திரவம் கொண்டுபோகப் போட்ட சதி லண்டனில் பிடிபட்டதன் விளைவு. டூத் பேஸ்ட்டும் அவர்கள் கணக்கில் திரவம்தான்! ஊறுகாயும்தான்! மாவடுவை இழந்து நின்ற மாமிகளின் சோகத்தை எழுத இந்தப் பக்கம் போதாது. கூடவே போகிற டூத் பிரஷில் 1938 பிப்ரவரி வரை இருந்தது பன்றி முடி! அதன் பிறகுதான் நைலான்.

தேங்காய் விஷயம் தெரியுமா? கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்! ஐ.நா. ஆபத்துப் பொருள் பட்டியலில் அதற்கென்று தனி எண்ணே உண்டு: 1363! எண்ணெய் அவ்வளவு! சமையலறைத் தேங்காயும் கேபின் பைக்கு ஆகாது. அப்படியானால் சபரிமலைக்குப் போகும் சாமிகளின் இருமுடி? 2024 அக்டோபரில் விமானப் பாதுகாப்பு ஆணையகம் சிறப்பு அனுமதி கொடுத்தது. சோதனை முடிந்த பிறகு 2025 ஜனவரி 20 வரை தேங்காயோடு கேபினில் ஏற முடிந்தது! விதிக்கே விலக்கு வாங்கிக் கொடுத்தார் ஐயப்பன்!

மூலையில் கிடந்த அந்தக் கோடாலித் தைலம்? 1928-ல் சிங்கப்பூரில் பிறந்தது. அங்கிருந்து திரும்பும் சித்தப்பாக்களின் பெட்டியில் அது இல்லாமல் இருந்ததுண்டா?

சுவிஸ் கத்தியைத் தரையில் இருக்கும் ஏர்போர்ட்டில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். விண்வெளியில்? 1995-ல் கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் மிர் விண்வெளி நிலையத்தின் கதவு இறுக்கமாகக் கட்டியிருக்க, சுவிஸ் கத்தியால் அறுத்துத்தான் உள்ளே போனார்! உலகத்திலேயே உயரமான பூட்டுடைப்பு!

தொலைந்த பெட்டி எங்கே போகும்?

பெட்டியில் ஒட்டும் பட்டியில் பத்து இலக்கம் இருக்கும். உலகத்தின் எந்த ஏர்போர்ட்டும் அதைப் படிக்கும். அப்படியும் 2024-ல் ஆயிரம் பயணிகளுக்கு ஆறு பெட்டிக்கு மேல் வழிதவறின. இது குறைவு! 2007-ல் கிட்டத்தட்ட 19! பெரும்பாலானவை சில நாளில் வீடு வந்துவிடும். மூன்று மாதம் தேடியும் ஆள் அகப்படாவிட்டால்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஸ்காட்ஸ்பரோ என்ற சின்ன ஊர். 1970-ல் ஒருவர் 300 டாலர் கடன், இரவல் வண்டியோடு தொடங்கிய கடை இன்று ஒரு தெருவையே அடைத்து நிற்கிறது. விற்பது முழுக்க முழுக்க யாரோ தொலைத்த பெட்டிச் சாமான்! அங்கே வந்து சேர்ந்தவை என்னென்ன? வைர மோதிரம் வந்தது. ஒரு ஹாலிவுட் படத்தில் நடித்த குட்டிச்சாத்தான் பொம்மை வந்தது. இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். போர் விமானத்தின் வழிகாட்டும் கருவியே வந்து, கடற்படையிடம் திருப்பிக் கொடுத்தார்களாம்! இன்னொரு பையைத் திறந்தபோது உள்ளே இருந்தது, உயிரோடு, வாலை ஆட்டிச் சலங்கை ஒலிக்கும் ஒரு விஷப்பாம்பு! அதைத் தேடிக்கொண்டு மட்டும் யாரும் வரவில்லை!